தட்டும் ஒலிக்குச் செவிகொடுங்கள்



பழைய டர்போ கார் ஒன்றை வாங்கி, அதை வீட்டுக் கொட்டகையிலேயே பிரித்து, மாற்றி, மெருகேற்றி ஓட்டுகிற இளைஞர்களைக் குறித்து இந்த வாரம் சிந்திக்க விரும்புகிறேன். 'பிராஜெக்ட் கார்' என்று அதை அழைக்கிறார்கள். வேலை முடிவதில்லை என்பதே அந்தப் பெயரின் பொருள். இவர்களைப்பற்றி இரண்டு விதமான பேச்சுகள் நம் நடுவில் உண்டு. பெற்றோர் தரப்பில், "காசையும் காலத்தையும் இரும்பில் கொட்டுகிறான்" என்ற பெருமூச்சு. இளைஞர் தரப்பில், "இன்னும் ஐம்பது குதிரைத்திறன் ஏற்றிவிடுவேன்" என்ற உற்சாகம். என் எண்ணத்தில் இரு சாராருமே மையத்தைத் தவறவிடுகிறார்கள். அந்தக் கொட்டகையில் நடக்கிற வேலை வீண் அல்ல. அது ஒரு நல்ல கைத்தொழில். ஆனால் அதன் மகிமை ஆற்றலைக் கூட்டுவதில் இல்லை. எச்சரிக்கையைக் கேட்கக் கற்றுக்கொள்வதில்தான் இருக்கிறது. இதையே இங்கே எடுத்துரைக்க முற்படுகிறேன்.

வீணாகும் புகையிலிருந்து ஆற்றல்

இயந்திரம் அறியாதவர்களுக்காகச் சில வரிகள். பெட்ரோல் எஞ்சினில் எரிந்து முடிந்த புகை, சூட்டோடும் வேகத்தோடும் வெளியேறி வீணாகிறது. அந்தப் புகையையே ஒரு சிறு சக்கரத்தின் மேல் பாயவிட்டு, அதே அச்சின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரத்தால் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தினால், அதிகக் காற்று கிடைக்கும். அதிகக் காற்றோடு அதிகப் பெட்ரோலும் எரியும். அதே அளவுள்ள எஞ்சின் கூடுதல் ஆற்றல் தரும். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பூச்சி என்ற பொறியாளர் 1905ஆம் ஆண்டிலேயே இந்தக் கருத்துக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய டர்போவின் அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழல்கிறது. அதைத் தாங்கி நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றே.

வீட்டில் இவ்வேலை செய்வோர் மிகவும் நேசிக்கிற கார்களில் ஒன்று சுவீடன் நாட்டின் சாப் 900 டர்போ. டிரோல்ஹெட்டன் நகரத்து சாப் நிறுவனம் 1977இல் 99 டர்போவை உலகுக்குக் காட்டியது. இரண்டு லிட்டர் எஞ்சினிலிருந்து சுமார் 145 குதிரைத்திறன் கிடைத்தது. குடும்பத்தோடு அன்றாடம் பயணம் செய்யும் காரில் டர்போ நம்பகமாக உழைக்கும் என்று அது மெய்ப்பித்தது. அதற்குப் பின் வந்த 900 வரிசை 1978 முதல் 1993 வரை ஒன்பது லட்சத்துக்கும் மேலாகத் தயாரிக்கப்பட்டது. அதன் எஞ்சின் பின்னும் முன்னும் மாறி அமர்ந்திருக்கும். கிளட்ச் முன்பக்கம் இருப்பதால் எஞ்சினை இறக்காமலேயே அதைக் கழற்றிவிடலாம். வீட்டில் வேலை செய்பவனுக்கு இது பெரிய சகாயம்.

அந்தக் கார் நிறுவனம் 2011 டிசம்பரில் திவாலாயிற்று. ஆகவே இன்று அந்தக் கார்கள் சாலையில் ஓடுகின்றன என்றால், அதற்குக் காரணம் பெரும்பாலும் வீட்டுக் கொட்டகைகளில் கிரீஸ் படிந்த கைகளோடு உழைக்கிற சாதாரண மனிதர்களே. பெற்றோரே, இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். தூக்கியெறிய வேண்டியது என்று உலகம் ஒதுக்கியதை எடுத்துச் சீர்ப்படுத்தி மறுபடியும் பயன்படச் செய்கிறவனை வீணன் என்று எப்படிச் சொல்வது?

தட்டல் என்னும் எச்சரிக்கை

டர்போ எஞ்சினுக்கு ஒரு சத்துரு உண்டு. மெக்கானிக்குகள் அதை 'நாக்கிங்' என்பார்கள். தட்டல் என்று நாம் சொல்லலாம். சிலிண்டருக்குள் ஸ்பார்க் பிளக் பொறி விட்டதும் நெருப்பு ஓரத்திலிருந்து ஓரம்வரை சீராகப் பரவ வேண்டும். அது பரவி வருவதற்கு முன்னரே, மூலையில் நெருக்குண்டு கிடக்கும் கலவை சூடு தாங்காமல் தானாகவே சட்டென்று வெடித்தெரிந்தால், அந்த அதிர்வலை உலோகத்தை ஆணியால் தட்டுவது போல் தட்டுகிறது. காற்றழுத்தம் மிகுந்தால் இது வரும். உள்ளே போகிற காற்று சூடாக இருந்தாலும், பெட்ரோலின் ஆக்டேன் குறைந்தாலும், பொறி முந்திப் பாய்ந்தாலும், பெட்ரோல் போதாமல் கலவை மெலிந்தாலும் வரும். சிறிது நேரம் என்றால் எஞ்சின் பொறுத்துக்கொள்ளும். தொடர்ந்தால் பிஸ்டனில் வளையம் அமரும் விளிம்பு உடையும், பிஸ்டனின் தலை உருகி ஓட்டை விழும், ஹெட் கேஸ்கெட் கிழியும். அதிவேகச் சாலையில் முழு வேகத்தில் போகையில் இது நேர்ந்தால் காரியம் எஞ்சினோடு நிற்காது.

சாப் நிறுவனத்தில் டர்போ பணியை முன்னின்று நடத்திய பெர் கில்பிராண்ட் என்ற பொறியாளரும் அவருடன் உழைத்தவர்களும் இதற்கு ஒரு அருமையான விடை கண்டார்கள். 1980களின் தொடக்கத்தில் அறிமுகமான அந்த அமைப்புக்கு ஏபிசி என்று பெயர். எஞ்சினின் உடலில் ஒரு சிறிய உணரியைத் திருகி வைத்தார்கள். தட்டல் ஒலி எழுந்த மாத்திரத்தில் அது மின்சாரக் குறிப்பு அனுப்பும். ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி அக்குறிப்பைப் பெற்று, ஒரு வால்வைக் கொண்டு டர்போவின் அழுத்தத்தைத் தணிக்கும். தட்டல் நின்றதும் அழுத்தம் மெல்ல ஏறும். தரம் குறைந்த பெட்ரோல் ஊற்றினால் கார் தன் வலிமையைத் தானே குறைத்துக்கொண்டு பத்திரமாக ஓடும். நல்ல பெட்ரோல் கிடைத்தால் முழு வலிமையையும் தரும். அந்த எஞ்சின் எந்நேரமும் தன் தட்டலுக்குச் செவிசாய்த்துக்கொண்டே உழைத்தது.

செவியை அடைக்கும் சோதனை

இப்போது இளைஞர்களே, உங்களிடம் பேசுகிறேன். அந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் உள்ளே சிறு திருகுகள் இருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். ஒன்று அழுத்தத்தின் உச்சத்தை நிர்ணயிக்கிறது. இன்னொன்று தட்டலைக் கேட்கும் கூர்மையை நிர்ணயிக்கிறது. முதல் திருகைத் திருப்பினால் கார் வலுவாக இழுக்கும். சிறிது தூரம் போனதும் தட்டல் கேட்டு அமைப்பு அழுத்தத்தைக் குறைக்கும். இழுவை தளரும். அப்போதுதான் சோதனை வருகிறது. இரண்டாவது திருகைத் திருப்பிக் கேள்வியை மந்தமாக்கிவிட்டால் என்ன? கார் மறுபடியும் சீறிப் பாயும். தட்டல் நின்றுவிட்டது போலவே தோன்றும். உண்மையில் நின்றது தட்டல் அல்ல, கேட்கும் செவிதான் அடைபட்டது.

இதே காரியம் வேறு வழிகளிலும் நடக்கிறது. வேஸ்ட்கேட்டின் தண்டைக் குறுக்கி அடிப்படை அழுத்தத்தை மிகையாக உயர்த்துகிறவர்கள் உண்டு. அந்த அடிப்படைக்குக் கீழே ஏபிசி எவ்வளவு முயன்றாலும் அழுத்தத்தை இறக்க முடியாது. தட்டலைக் கேட்கும், ஆனால் கை கட்டப்பட்ட காவலாளியைப்போல் நிற்கும். அழுத்தம் எல்லை மீறினால் பெட்ரோல் பம்பை நிறுத்தும் ஒரு சுவிட்ச் இருக்கிறது. "அது அடிக்கடி தொந்தரவு செய்கிறது" என்று அதன் இணைப்பைத் துண்டிக்கிறவர்களும் உண்டு. புதிய கார்களில் திருகுக்குப் பதிலாக மடிக்கணினி வந்திருக்கிறது. ஈசியு நிரலில் தட்டல் எல்லையைத் தளர்த்திவிடுவது சில விசைகளைத் தட்டும் வேலையே. கருவி மாறினாலும் சோதனை மாறவில்லை.

மனச்சாட்சியைப்பற்றி நான் பேசப்போகிறேன் என்று ஊகித்திருப்பீர்கள். ஒரு வரியோடு நிறுத்துகிறேன். தன்னைத் தடுத்த ஒலியை மௌனமாக்கிவிட்டு, "இப்போது எனக்குச் சமாதானம் உண்டு" என்று சொல்லுகிற மனிதனை நாம் எல்லாரும் சந்தித்திருக்கிறோம்.

வரலாறு தரும் இரண்டு பாடங்கள்

சாப் காருக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1962இல், அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபில் நிறுவனம் ஜெட்ஃபயர் என்ற டர்போ காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தட்டலைத் தடுக்க அவர்கள் வேறொரு வழி கண்டார்கள். வடித்த நீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் வைத்து, அழுத்தம் ஏறும்போது எஞ்சினுக்குள் தெளித்தார்கள். உள்ளே போகும் கலவை குளிர்ந்தது, தட்டல் அடங்கியது. வழி நல்ல வழிதான். ஆனால் தொட்டி காலியானால் நிரப்ப வேண்டியது உரிமையாளரின் பொறுப்பு. பலர் நிரப்பவில்லை. தொட்டி வற்றியதும் பாதுகாப்பு வால்வு அழுத்தத்தைக் கட்டுப்படுத்த, கார் மந்தமாக ஓடியது. உரிமையாளர்கள் குறைகூறினார்கள். 1963ஆம் ஆண்டு மாடலோடு அந்தக் கார் நின்றுபோயிற்று. பின்னர் நிறுவனமே டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டரைப் பொருத்திக்கொடுக்க முன்வந்தது. ஆற்றலை விரும்பினவர்கள் பலர். அதைக் காத்துக்கொள்ளும் சிறிய அன்றாடக் கடமையை விரும்பினவர்கள் சிலரே.

இரண்டாவது பாடம் கசப்பானது. 1921இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர், ஈயம் கலந்த ஒரு சேர்மத்தைப் பெட்ரோலில் சிறிதளவு சேர்த்தால் தட்டல் அடங்கிவிடுகிறது என்று கண்டார். உலகம் அதைக் கொண்டாடியது. 1924இல் நியூ ஜெர்சியில் அதைத் தயாரித்த ஆலையில் ஐந்து தொழிலாளர்கள் ஈய நஞ்சால் மாண்டார்கள். அப்படியிருந்தும் பல பத்தாண்டுகள் உலகெங்கும் வாகனங்கள் ஈயத்தைப் புகையாகக் கக்கின. குழந்தைகளின் மூளைக்கு அது செய்த தீங்கு பின்னரே முழுமையாக உணரப்பட்டது. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல் நின்றது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. எஞ்சின் அமைதியாயிற்று. ஆனால் அந்த அமைதிக்கான விலையைச் சாலையோரத்துப் பிள்ளைகள் கொடுத்தார்கள். ஒரு எச்சரிக்கையை அடக்கும்போது, அதன் பாரம் யார் தோளில் போய் விழுகிறது என்று கேட்பது நம் கடமை.

நல்ல ஒழுங்கு எது?

அப்படியானால் எஞ்சினை மேம்படுத்தவே கூடாதா? மேம்படுத்தலாம். ஆனால் அதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. இந்தக் கலையில் தேர்ந்தவர்கள் எல்லாரும் ஏறத்தாழ ஒரே ஒழுங்கையே பின்பற்றுகிறார்கள். அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

முதலாவது, இருப்பதை அறிதல். நான்கு சிலிண்டரிலும் அழுத்தம் ஒத்திருக்கிறதா என்று கம்ப்ரஷன் சோதனை செய்யவேண்டும். அழுத்தம் குறைந்த சிலிண்டர் இருந்தால், காற்று எங்கே கசிகிறது என்று லீக்டவுன் சோதனையால் காணவேண்டும். முப்பது ஆண்டு பழைய ரப்பர் குழாய்களில் வெடிப்பு இருக்கும். டர்போவுக்குப் பின்னுள்ள குழாய்களில் சிறிது காற்றழுத்தம் ஏற்றி, சோப்பு நீர் தடவினால் கசியும் இடத்தில் குமிழி எழும்பும். "என் கார் வலுவிழந்துவிட்டது, பூஸ்ட்டைக் கூட்டவேண்டும்" என்று நினைத்தவர்களில் பலருக்கு வேண்டியிருந்தது ஒரு குழாய்க் கவ்வி மாத்திரமே.

இரண்டாவது, பழுது நீக்குதல். எண்ணெய், பிளக், வடிகட்டிகள், குளிர்நீர், பெட்ரோல் பம்ப் ஆகியவை முதலில் சீராகவேண்டும். கலவையை அளக்க வைட்பேண்ட் ஆக்சிஜன் உணரி வேண்டும். சாதாரண ஓட்டத்தில் பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு என்பது கணக்கு. முழு அழுத்தத்தில் அது 12 அளவுக்குச் செறிவாக இருந்தால்தான் சிலிண்டர் குளிர்ந்திருக்கும். இதைக் காதால் ஊகிக்க முடியாது. அளக்காமல் அழுத்தத்தைக் கூட்டுகிறவன் இருட்டில் வாளைச் சுழற்றுகிறவனுக்கு ஒப்பாவான்.

மூன்றாவது, தாங்கும் உறுப்புகளைப் பலப்படுத்துதல். சாப் 900இன் கியர்பாக்ஸ் அதன் பலவீனமான இடம் என்பது அதை நேசிக்கிறவர்கள் அனைவரும் அறிந்ததே. எஞ்சினில் கூட்டிய ஆற்றல் அங்கே போய்ப் பற்களை உடைக்கும். பிரேக்கும் டயரும் அப்படியே. காரை வேகமாக ஓடச்செய்வதற்குமுன் வேகமாக நிற்கச்செய்ய வேண்டும். கோபுரம் கட்ட மனதுள்ளவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்று நம் ஆண்டவர் போதித்ததை நீங்கள் அறிவீர்கள். கூட்டுகிற ஒவ்வொரு குதிரைத்திறனும் எந்த உறுப்பின்மேல் போய் விழும் என்று கேட்பதும் அந்தக் கணக்கில் அடங்கும்.

நான்காவதாகவே அழுத்தம். அதையும் சிறிது சிறிதாக, ஒரு முறைக்கு ஒரு மாற்றமாக, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் அளந்து, நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்துச் செய்யவேண்டும். இன்டர்கூலரைப் பெரிதாக்கி உள்ளே போகும் காற்றைக் குளிரச்செய்வது, கேட்கும் உணரியை மந்தமாக்குவதைவிட ஆயிரம் மடங்கு நேர்மையான வழி. அது தட்டலின் காரணத்தையே தணிக்கிறது.

வேகமாக ஓட்டிவந்தபின் உடனே எஞ்சினை அணைக்காமல் ஒரு நிமிடம் மெதுவாக ஓடவிடுங்கள் என்பது பழைய டர்போ கார்களுக்குரிய அறிவுரை. சுடுகின்ற அச்சில் எண்ணெய் ஓட்டம் சட்டென்று நின்றால் அது கருகிக் கட்டியாகிவிடும். ஒரு நிமிடத்துக்குப் பொறுமை இல்லாதவனின் டர்போ நீடிப்பதில்லை.

சாலை எல்லாருக்கும் உரியது

இங்கே என் உள்ளத்தில் பாரமாக இருக்கிற ஒன்றைச் சொல்லவேண்டும். உன் கொட்டகையில் எஞ்சின் உடைந்தால் நஷ்டம் உன்னுடையது. ஆனால் மாற்றியமைத்த காரின் வலிமையை ஊர்ச் சாலையில் சோதித்துப் பார்ப்பது வேறு காரியம். அந்தச் சாலையில் பால் வாங்கப் போகிற தாய் நடக்கிறாள், பள்ளிப் பிள்ளை சைக்கிள் ஓட்டுகிறது. அவர்கள் உன் பரிசோதனைக்குச் சம்மதம் கொடுக்கவில்லை. வலிமையை அளப்பதற்கு டைனோ மேடை இருக்கிறது, வேகத்தைச் சுவைப்பதற்குப் பந்தயத் தடங்கள் இருக்கின்றன. செலவுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் செலவை மிச்சப்படுத்த அயலானின் உயிரைப் பணயம் வைக்க ஒருவனுக்கும் உரிமையில்லை. அயலானை நேசிப்பது என்பது சாலையில் தொடங்காவிட்டால் வேறு எங்கே தொடங்கும்?

சட்டத்தையும் அற்பமாக எண்ணவேண்டாம். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் நிர்ணயித்த மூல விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019இல் உச்சநீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. பிற நாடுகளில் வாழ்கிற நம்மவர்கள் அந்தந்த நாட்டு விதிகளைக் கேட்டறிந்து, செய்த மாற்றங்களைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு மறைக்காமல் அறிவிக்கவேண்டும். மறைத்தால் விபத்து நாளில் இழப்பீடு கிடைக்காமல் போகலாம். அன்று துன்பப்படுவது ஓட்டினவன் மாத்திரம் அல்ல, அவனால் அடிபட்டவனும் அவன் குடும்பமுமே.

பெற்றோருக்கும் பெரியோருக்கும்

பெரியோரே, உங்கள் பெருமூச்சில் நியாயம் உண்டு. வீட்டுக்கு வேண்டிய பணம் டர்போவுக்குப் போகுமானால் அது தவறு. அதைக் கண்டித்துச் சொல்லுங்கள். ஆனால் கொட்டகையின் கதவைப் பூட்டிவிடாதீர்கள். ஒரு பழைய எஞ்சினைப் பிரிக்கிற பிள்ளை, கழற்றிய ஒவ்வொரு திருகையும் பெயரிட்டு வைக்கக் கற்றுக்கொள்கிறான். தன் ஊகம் பொய் என்று அளவுமானி காட்டும்போது அதை ஒத்துக்கொள்ளக் கற்றுக்கொள்கிறான். ஒரு பாகம் தபாலில் வந்து சேர மூன்று வாரம் காத்திருக்கக் கற்றுக்கொள்கிறான். இரும்பை ஏமாற்ற முடியாது. அலட்சியமாக முறுக்கிய போல்ட் என்றாவது ஒருநாள் கழன்று விழும். இத்தகைய பள்ளிக்கூடம் இக்காலத்தில் அரிது. "எவ்வளவு செலவாயிற்று?" என்று மாத்திரம் கேட்காமல், "இன்று எதை அளந்தாய்? என்ன கண்டாய்?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அந்தப் பிள்ளை உங்களோடு ஒரு மணி நேரம் பேசுவான்.

இளைஞர்களே, உங்களுக்கு ஒரே விண்ணப்பம். ஆற்றலை நாடுங்கள், அது தவறல்ல. ஆனால் உங்கள் எஞ்சினில் தட்டல் கேட்கும் நாளில் பெட்டியைத் திறந்து செவியை அடைக்கும் திருகைத் தேடாதீர்கள். காலை முடுக்கியிலிருந்து எடுங்கள். ஓரமாக நிறுத்துங்கள். காற்று சூடாகிறதா, பெட்ரோல் போதவில்லையா, பொறி முந்துகிறதா என்று பொறுமையாகத் தேடுங்கள். காரணம் கிடைக்கும்வரை அழுத்தத்தைக் கூட்டாதிருங்கள். இந்தப் பழக்கம் கொட்டகையில் உங்களுக்குள் வேரூன்றினால், அது கொட்டகையோடு நின்றுவிடாது. உங்கள் சொல்லிலும் சம்பாத்தியத்திலும் நாளை நீங்கள் நடத்தப்போகிற குடும்பத்திலும் அது உங்களைக் காக்கும்.